ரசம் ஓடிய பக்கம்: செப்டிக் டாங்குக்கு மேல் ஒரு மரத்தளம், பட்டர்வொர்த் வீட்டின் நிகழ்வு ஆய்வு

2023ஆம் ஆண்டு தைப்பூசம் பிப்ரவரி 5, ஞாயிற்றுக்கிழமை வந்தது. மலேசியாவின் பினாங்கில் இருக்கும் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி பார்க்க ஈப்போவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் வந்த சொந்தக்காரர்கள் இருபது பேர் பட்டர்வொர்த்தில் ஒரு மூலை வீட்டில் தங்கியிருந்தார்கள். மறுநாள் மதியம் பின்புற மரத்தளத்தில் பாய் விரித்து, எதிரும் புதிருமாக இரண்டு வரிசை இலை போட்டுச் சாப்பாடு. ரசம் ஊற்றும்போதுதான் வீட்டுக்கார அம்மா கவனித்திருக்கிறார். சுவரோர வரிசையில் ரசம் இலையைத் தாண்டி முன்பக்கம் ஓடியது. எதிர் வரிசையிலும் முன்பக்கமே ஓடியது. இரண்டு ஓட்டமும் நடுவில் வந்து சேர்ந்தன.

அந்த அம்மா ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. என் அக்காவுக்கும் பாடம் எடுத்தவர், அதனால் எங்கள் வீட்டில் எல்லாருக்குமே அவர் டீச்சர்தான். செவ்வாய்க்கிழமை காலை கூப்பிட்டார். "தம்பி, பின்னாடி டெக்கு நடுவுல பள்ளமாயிருக்கு. நாலு பலகைய மாத்திக் கொடுத்துடு, சித்திரைக்குப் பிள்ளைங்க திரும்ப வருவாங்க." நான் வீடு புதுப்பிக்கும் வேலையில் இருப்பவன். நானும் நாலு பலகை வேலை என்றுதான் போனேன். பார்த்த பத்து நிமிடத்தில் 4,800 ரிங்கிட் என்று வாயால் விலையும் சொல்லிவிட்டேன். முடிவில் ஆனது 19,600. அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதுதான் இந்த எழுத்து.

வீடும் தொட்டியும்

1980களில் எழுந்த தாமான் (குடியிருப்புப் பகுதி) அது. சாலையில் பொதுக் கழிவுநீர்க் குழாய் கிடையாது, வீட்டுக்கு வீடு தனித் தொட்டி. டீச்சர் வீட்டுத் தொட்டி பின்புறத்தில், சமையலறைச் சுவரிலிருந்து சிறிது தள்ளி இருக்கிறது. செங்கல் சுவர், மேலே 100 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடி, அதில் இரண்டு இரும்பு மேன்ஹோல். வெளி அளவு 2.9 மீட்டருக்கு 1.7 மீட்டர். அடி, தரையிலிருந்து 1.7 மீட்டர் ஆழத்தில்.

உள்ளே நடப்பது எளிமையான காரியம். கழிவு முதல் அறையில் விழுகிறது. கனமானது அடியில் கசடாகப் படிகிறது, எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாகக் கட்டிக்கொள்கின்றன, நடுவில் இருக்கும் நீர் இரண்டாம் அறைக்குப் போய், அங்கிருந்து லோங்காங்குக்கு (சாக்கடைக் கால்வாய்க்கு) வழிகிறது. காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் கசடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கின்றன. ஆனால் முழுதாகத் தின்று தீர்ப்பதில்லை. ஆளுக்கு ஆண்டுக்கு 40 லிட்டர் கசடு மிஞ்சும் என்பது பொறியாளர்கள் வழக்கமாக எடுக்கும் கணக்கு. நாட்டின் கழிவுநீர் நிறுவனமான இண்டா வாட்டர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கசடு எடுக்கச் சொல்வது அதனால்தான். 2006ஆம் ஆண்டின் நீர்ச் சேவைத் தொழில் சட்டப்படி, தனி வீட்டுத் தொட்டியைப் பராமரிக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது.

டீச்சரிடம் பழைய ரசீது இருந்தது. கடைசியாகக் கசடு எடுத்தது 2011இல். மரத்தளம் போட்டதும் 2011இல். இரண்டுக்கும் நடுவே மூன்று வாரம்.

தளத்தைப் போட்டவர் யார் என்பது இங்கே தேவையில்லை. மர வேலையில் கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 6 மீட்டருக்கு 3.6 மீட்டர், எல்லாம் செங்கால் என்ற உள்ளூர் வன்மரப் பலகை, எட்டுக் கால். எட்டில் மூன்று கால் நேராகத் தொட்டி மூடியின் மேல் நின்றன. இரண்டு மேன்ஹோலும் பலகைக்கு அடியில் போய்விட்டன. தொட்டியின் காற்றுக்குழாய் தளத்தின் நடுவில் துருத்திக்கொண்டு இருந்திருக்கிறது போல, அதைப் பலகை மட்டத்துக்குக் கீழே அறுத்துவிட்டு மேலே பலகையை அடித்திருந்தார்.

மூன்று புகார், ஒரே தொட்டி

டீச்சர் வீட்டில் பல ஆண்டுகளாக மூன்று தொல்லைகள் இருந்திருக்கின்றன. மாலையில் தளத்தில் உட்கார்ந்தால் ஒரு வாடை. அது பின்சந்து லோங்காங்கின் வாடை என்று எல்லாரும் முடிவுகட்டி, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட ஆகியிருக்கிறது. இரண்டாவது, மழை பெய்தால் கீழ்க் கழிவறையில் தண்ணீர் இறங்காது. குழாய்க்காரர் மூன்று முறை வந்து, மூன்று முறையும் மேலிருக்கும் ஃபிளஷ் தொட்டியை மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். 2017 நவம்பர் வெள்ளத்தில் பினாங்கு முழுக்க மூழ்கியபோது இந்த வீட்டுக் கழிவறை மேலே பொங்கியிருக்கிறது. ஊரெல்லாம் வெள்ளம், யார் தொட்டியை நினைப்பார்கள்? மூன்றாவது, அந்த ரசம்.

மூன்றையும் ஒருவரே பார்த்திருந்தால் கண்டுபிடித்திருக்கலாம். வாடையைப் பக்கத்து வீட்டுக்காரரும், கழிவறையைக் குழாய்க்காரரும், பள்ளத்தை நானும் பார்த்தோம்.

நீர்மட்டக் குழாய் வைத்துப் பார்த்தேன். ஓரத்தைவிட நடு 38 மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. பலகையைத் தட்டினால் வெண்கலம் போல் சத்தம், கரையான் இல்லை, உளுத்த இடம் இல்லை. பன்னிரண்டு ஆண்டு வெயிலும் மழையும் பட்ட செங்கால், ரம்பம் வைத்தால் உள்ளே தேன் நிறம். பலகை நன்றாக இருக்கிறது, பள்ளம் மட்டும் விழுந்திருக்கிறது என்றால் எங்கேயோ கால் இறங்கியிருக்க வேண்டும். நடுவில் மூன்று பலகையைக் கழற்றினோம்.

நடுக் கால் தொட்டி மூடிக்குள் ஏறத்தாழ ஒரு விரல் ஆழம் அமிழ்ந்து நின்றது. அதைச் சுற்றிச் சிலந்தி வலை போல விரிசல். கூட வந்த பையன் காலை நன்றாகப் பார்க்க மூடியின் மேல் இறங்கப் போனான். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தேன். அன்றைக்குக் கொஞ்சம் கடுமையாகவே திட்டிவிட்டேன், பிறகு தேநீர் வாங்கிக் கொடுத்தேன். அந்த மூடி அவனைத் தாங்கியிருக்கலாம். தாங்காமலும் போயிருக்கலாம். முதல் நாள் அதே இடத்தின் மேல் இருபது பேர் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ஆளுக்கு 65 கிலோ வைத்தாலும் 1,300 கிலோ. அதில் பெரும்பங்கு நடுக்கால்கள் வழியாகத்தான் இறங்கியிருக்கும்.

அன்றே வேலையை நிறுத்தினேன். தளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பின்கதவைப் பூட்டச் சொன்னேன். வாயால் சொன்ன 4,800ஐயும் அங்கேயே திரும்ப எடுத்துக்கொண்டேன். டீச்சர் முகம் சரியில்லை. வேலைக்காரன் விலை ஏற்ற வழி தேடுகிறான் என்று அவர் நினைத்திருந்தால் அதில் தப்பே இல்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

மூடியைத் தின்றது எது

கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரையும், வாயு அளக்கத் தகுதிச் சான்று பெற்ற ஒருவரையும் கூட்டி வந்தோம். இந்தச் செலவைத் தவிர்க்கலாமா என்று டீச்சரின் மகன் தொலைபேசியில் கேட்டார். தவிர்க்க முடியாது என்பதற்கான காரணத்தை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையில் ஆளைக் கொல்லக்கூடியவற்றில் முதலில் பயப்பட வேண்டியது வாயுவுக்குத்தான்.

தொட்டிக்குள் மீத்தேன் உண்டாகிறது, ஹைட்ரஜன் சல்பைடும் உண்டாகிறது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 விழுக்காடு கலந்தால் ஒரு பொறி போதும். ஹைட்ரஜன் சல்பைடுதான் அழுகிய முட்டை வாடை. மிகக் குறைந்த அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும், அதனால் வாடை இருந்தால் ஆபத்து, இல்லாவிட்டால் பயமில்லை என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது அந்த வாயு மோப்பத்தையே மரத்துப்போகச் செய்துவிடும். வாடை நின்றுவிட்டது என்று ஆள் இறங்குகிற நேரம் அதுதான். 500ஐத் தாண்டினால் மயக்கம், 1,000 பக்கம் போனால் ஓரிரு மூச்சு. விழுந்தவனைத் தூக்க இறங்குகிற இரண்டாமவனும் விழுவான். மலேசியாவில் அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கான 2010ஆம் ஆண்டுத் தொழில் நெறிமுறை ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கிறது, எரியும் வாயு வெடிக்கும் குறைந்தபட்ச அளவில் பத்தில் ஒரு பங்கை எட்டக் கூடாது என்கிறது.

மேன்ஹோலை நெம்பித் திறந்ததும் குழாயை உள்ளே விட்டு அளந்தார். ஆக்சிஜன் 16.8 விழுக்காடு. ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 42 பங்கு. எரியும் வாயு, வெடிக்கும் குறைந்தபட்ச அளவில் 14 விழுக்காடு. காற்றுக்குழாயை அறுத்து மூடிய தொட்டி வேறு எப்படி இருக்கும். அப்போதே முடிவு செய்துவிட்டோம்: இந்த வேலை முடியும்வரை யாரும் தொட்டிக்குள் இறங்குவதில்லை, தலையைக்கூட நீட்டுவதில்லை. எதைச் செய்வதாக இருந்தாலும் மேலே நின்றுகொண்டே செய்ய வழி தேட வேண்டும்.

காற்றடிப்பான் வைத்து, அளவு இறங்கிய பிறகு, குச்சியில் கேமரா கட்டி மூடியின் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். கான்கிரீட் கரைந்து ஜல்லிக்கல் பல் பல்லாகத் தெரிந்தது. ஹைட்ரஜன் சல்பைடு மேலே எழுந்து மூடியின் ஈரத்தில் ஒட்டுகிறது, அங்கே குடியிருக்கும் ஒருவகை பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக மாற்றுகிறது, அமிலம் சிமெண்டைத் தின்கிறது. காற்றோட்டம் இருந்தால் வாயு வெளியே போகும், மூடியும் ஓரளவு காயும். இங்கே பன்னிரண்டு ஆண்டு அடைத்து வைத்திருந்தார்கள். பிறகு மூடியை அறுத்து எடுத்தபோது அளந்தேன். 100 மில்லிமீட்டர் கான்கிரீட்டில் நடுவில் மிஞ்சியது 55. உள்ளே இருந்த கம்பி சில இடத்தில் கட்டுக்கம்பி அளவுக்கு மெலிந்திருந்தது.

ஆக, பள்ளத்துக்கும் வாடைக்கும் வேர் அந்த அறுபட்ட காற்றுக்குழாய். கழிவறை அடைப்புக்குக் காரணம் கசடு. நான்கு பேர் குடும்பம், பன்னிரண்டு ஆண்டு, ஆளுக்கு 40 லிட்டர்: 1,920 லிட்டர். தொட்டியின் கொள்ளளவு ஏறத்தாழ 3,450. பாதிக்கு மேல் கசடு. நாளொன்றுக்கு ஆளுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்ற கணக்கில் வடிவமைத்த தொட்டி அது. கழிவு தங்கித் தெளிய இடமில்லாமல் கசடோடு சேர்ந்து வெளிக்குழாய்க்குப் போய் அடைத்திருக்கிறது. அந்தக் குழாய்க்குள் மாமர வேர் வேறு.

என்ன செய்யலாம் என்று யோசித்தது

முதலில் விசாரித்தது தொட்டியையே ஒழித்துவிட்டுப் பொதுக் குழாயில் இணைக்க முடியுமா என்று. முடிந்திருந்தால் அதுதான் சிறந்த வழி. கசடை எடுத்து, சுண்ணாம்பு போட்டு, அடியை உடைத்து, மணல் நிரப்பிவிட்டால் மேலே தளம் போடலாம். அந்தச் சாலைக்குக் குழாய் இல்லை என்று பதில் வந்தது.

தளத்தை வேறு பக்கம் மாற்றச் சொன்னேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை. மாமர நிழல் விழுவது அந்த இடத்தில் மட்டும்தான், அவர் கணவர் கடைசி இரண்டு ஆண்டும் மாலையில் உட்கார்ந்திருந்தது அங்கேதான். பொறியாளர் அதற்குமேல் பேசவில்லை. நானும் பேசவில்லை.

அப்புறம் இருந்தது ஒரே வழி. தொட்டியைத் தொடாமல் அதைத் தாண்டி நிற்கும் தளம்.

நான்கு கால்

வீட்டுத் தளங்களுக்கு வழக்கமாக எடுக்கும் பாரம் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறத்தாழ 150 கிலோ. பொறியாளர் அதை 3 ஆக்கினார். "இங்க பந்தி நடக்கும்னு சொல்றீங்க. ஒரு பந்தி எழுந்திரிக்கும்போது அடுத்த பந்தி நிக்கும், அதையும் சேர்த்துதான் கணக்கு போடணும்" என்றார். தமிழ் வீடு தெரிந்த பொறியாளர்.

எட்டுக் கால் நான்காயிற்று. தளத்தின் இரண்டு நீளப் பக்கங்களிலும் 200 மில்லிமீட்டர் ஆழமுள்ள ஐ வடிவ எஃகு உத்திரம், துத்தநாகம் பூசியது, காலுக்குக் கால் 5.4 மீட்டர் தாவல். அவற்றுக்கு நடுவே 50க்கு 150 பாலாவ் மரக் குறுக்குச் சட்டங்கள், 450 மில்லிமீட்டர் இடைவெளியில். சட்டங்களை உத்திரத்தின் மேல் அடுக்காமல் இடையில் தொங்கவிட்டோம், இல்லாவிட்டால் தளம் பின்கதவுப் படியைவிட உயர்ந்துவிடும். ஒரு காலுக்கு வரும் பாரம் ஏறத்தாழ 2 டன். பட்டர்வொர்த் மண் மெத்தென்ற களிமண், தண்ணீர் மட்டமும் மேலேதான். அதனால் ஒவ்வொரு காலுக்கும் 900க்கு 900 அகல அடித்தளம்.

அடித்தளத்தை எவ்வளவு ஆழத்தில் வைப்பது என்பதில்தான் நான் ஒரு புதுப் பாடம் கற்றேன். தொட்டியை விட்டுத் தள்ளி வைத்தால் போதும் என்று இத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன். அடித்தளத்தின் பாரம் மண்ணில் ஏறத்தாழ 45 பாகையில் விரிந்துகொண்டே இறங்குகிறது. அந்த விரிவு தொட்டிச் சுவரில் முட்டினால், மூடியை மிதிக்காமல் சுவரைப் பக்கவாட்டில் தள்ளுகிறோம். பழைய செங்கல் சுவர் அதைத் தாங்காது. எங்கள் அடித்தள ஓரத்துக்கும் தொட்டிச் சுவருக்கும் இடைவெளி 0.8 மீட்டர். தொட்டியின் அடி 1.7 மீட்டரில். அடித்தளத்தை 0.9 மீட்டருக்கு இறக்கினால் அந்தக் கோடு தொட்டியின் அடிமட்டத்தில்தான் போய்ச் சேரும், சுவருக்குத் தள்ளல் இல்லை. தொட்டி கட்டும்போது சுற்றித் தோண்டி நிரப்பிய மண் எப்போதும் தொளதொளவென்று இருக்கும், அதைத் தாண்டி அசையாத மண்ணில் உட்காருவதற்கும் அந்த ஆழம் உதவியது. குழி தோண்டத் தோண்டத் தண்ணீர் ஊறியது. ஒரு நாள் முழுக்க பம்பு ஓடியது.

மாநகர் மன்ற அனுமதியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் கீழ் கேட்க வேண்டியதைக் கேட்டோம், பொறியாளர் வரைபடம் கையில் இருந்ததால் சிக்கல் வரவில்லை. 2011இல் போட்ட தளத்துக்கு அப்படி எந்தத் தாளும் இல்லை.

மூடியை எடுத்த இரண்டு நாள்

டீச்சரைப் பிறையில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, காலை எட்டு மணிக்குக் கசடு லோரி வந்தது. பின்சந்தில் யாரோ காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள், முக்கால் மணி நேரம் அதற்குப் போயிற்று. கசடு முழுதையும் உறிஞ்சி எடுத்துவிட்டுத் தொட்டியை அப்படியே காலியாக விடக் கூடாது. வெளியே நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது உள்ளே காலியாக இருந்தால், பிளாஸ்டிக் தொட்டியானால் மண்ணிலிருந்து மிதந்து எழும், செங்கல் தொட்டியானால் சுவர் உள்பக்கம் அழுத்தம் வாங்கும். லோரி போன அடுத்த நிமிடமே குழாயைத் திறந்துவிட்டோம்.

பழைய மூடியைத் தொட்டிக்குள் உடைத்து விழவிட்டால் அள்ள ஆள் இறங்க வேண்டும். அதனால் துளை போட்டு, சங்கிலி மாட்டி, கிரேன் லோரி ஒவ்வொரு துண்டையும் பிடித்திருக்க, வைரப்பல் ரம்பத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே அறுத்தோம். ஆட்கள் நின்றது சாரப் பலகையில், இடுப்பில் கயிறோடு. வாயு அளப்பவர் அரை மணிக்கு ஒருமுறை எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார், கடவுள் வாழ்த்து போல.

புது மூடி 125 மில்லிமீட்டர், மூன்று துண்டாக வார்த்துக் கொண்டுவந்தது, துண்டு ஏறத்தாழ 490 கிலோ. இரண்டு மேன்ஹோலுக்கும் வாயு கசியாத மூடி. காற்றுக்குழாயை வீட்டுச் சுவரோரமாகத் திருப்பி, கூரை விளிம்புக்கு மேலே ஏற்றி, நுனியில் கொசுவலை கட்டினோம். இந்த மாதிரித் தொட்டிகளில் கொசு அமோகமாக வளரும், வலையை மறக்கக் கூடாது.

பலகை

செங்கால் பலகையைத் தூக்கிப் போட எனக்கு மனசில்லை. இன்றைக்கு அந்தத் தரத்தில் செங்கால் வாங்கப் போனால் கடைக்காரர் முதலில் நம் முகத்தைப் பார்ப்பார், பிறகு விலையைச் சொல்வார். பழைய ஆணி எல்லாம் சாதா இரும்பு, மரத்திலிருக்கும் சாரத்தோடு சேர்ந்து ஒவ்வொரு ஆணியைச் சுற்றியும் கறுப்பு வட்டம். ஆணியைப் பிடுங்கி, மேலே 2 மில்லிமீட்டர் இழைத்து, புரட்டிப் போட்டோம். மூன்றில் இரண்டு பங்கு தேறியது. மிச்சத்துக்கு பாலாவ். இரண்டு நிறமும் ஒன்றாகத் தெரியாமல் இருக்கப் புதியவற்றையெல்லாம் மாமரப் பக்கமாகப் போட்டேன். டீச்சர் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் குறை சொல்லவில்லை. திருகாணி எல்லாம் துருப்பிடிக்காத எஃகு, ஒவ்வொன்றுக்கும் முன்துளை. இந்த மரத்தில் துளை போடாமல் முடுக்கினால் திருகாணியின் தலை முறியும், இல்லை பலகை பிளக்கும். பலகைக்குப் பலகை 6 மில்லிமீட்டர் இடைவெளி. பக்கங்களை அடைக்கவில்லை. அழகுக்கு அடைக்கச் சொல்லி மருமகள் கேட்டார், காற்று போக வேண்டும் என்று மறுத்துவிட்டேன்.

ஒவ்வொரு மேன்ஹோலுக்கு நேர் மேலேயும் 900க்கு 900 திறப்பு. இதைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். ஒரே பலகையாகச் செய்தால் 25 கிலோ வரும். கசடு லோரிக்காரர் இரண்டு பேர் தூக்கிவிடுவார்கள், அது பிரச்சினையில்லை. ஆனால் தூக்கக் கடினமானதை மனிதர்கள் "அடுத்த முறை பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுவார்கள். அதனால் ஒவ்வொன்றையும் இரண்டு பாதியாகச் செய்தோம், பாதி 13 கிலோவுக்குள். பேரப்பிள்ளைகள் விளையாட்டாகத் திறந்துவிடாமல் இருக்க நான்கு மூலையிலும் போல்ட், சாவி சமையலறை ஆணியில். நடுச் சட்டங்களில் திறப்புக்கு இடையூறாக வந்தவற்றை அறுத்துப் பக்கச் சட்டங்களை இரட்டையாக்கினோம்.

பணம்

பொறியாளருக்கும் வாயு அளப்பவருக்கும் 3,200 ரிங்கிட். பழைய மூடி அகற்றல், புது மூடி, கிரேன் லோரி 5,400. எஃகும் துத்தநாகப் பூச்சும் 4,600. அடித்தளம் 1,900. மரம், திருகாணி, தச்சுக் கூலி 4,500. கசடு லோரிக்கு டீச்சரே தனியாகக் கட்டினார். மரத்தளத்தைச் சரிசெய்யக் கூப்பிட்டவருக்கு, மொத்தத்தில் கால்பங்குக்கும் குறைவாகத்தான் மரத்துக்குச் செலவாகியிருக்கிறது. சித்திரைப் புத்தாண்டுக்கு முந்தின வாரம் முடித்துக் கொடுத்தோம். அன்றைக்கே தளத்தின் நடுவில் ஒரு இலையைப் போட்டு அதில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார் டீச்சர்.

நவம்பரில் வந்த தப்பு

அக்டோபர் கடைசியிலிருந்து அடை மழை. நவம்பர் நடுவில் டீச்சர் கூப்பிட்டார். சோதித்துப் பார்க்கலாம் என்று மகன் சாவியை எடுத்துப் போல்ட்டைக் கழற்றியிருக்கிறார், நான்கு பாதியில் ஒன்றுகூட அசையவில்லை. பாலாவ் மழையில் ஊறிப் பருத்திருந்தது. சுற்றிலும் 3 மில்லிமீட்டர்தான் விட்டிருந்தேன், அதுவும் வெயில் காலத்தில் அளந்த 3. தளத்துக்கு 6 விட்டவன், திறக்க வேண்டிய இடத்தில் நேர்த்தி பார்த்து 3 விட்டிருக்கிறேன். பெரிய அவமானம். மரச் சுத்தியலால் தட்டி எடுத்து, ஓரங்களை இழைத்து, 8 ஆக்கி, ஒவ்வொரு பாதியிலும் விரல் நுழைய ஒரு துளையும் போட்டுக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. டீச்சர் ஒரு டப்பாவில் அதிரசம் கொடுத்து அனுப்பினார்.

2025 மார்ச்சில் கசடு எடுக்க லோரி வந்தபோது நானும் போயிருந்தேன். சாவியை எடுத்ததிலிருந்து குழாய் உள்ளே போனதுவரை நான்கு நிமிடம். உள்ளே மூடியின் அடிப்பக்கம் ஈரமாக இருந்தது, ஆனால் கான்கிரீட் முகம் வழவழவென்றே இருந்தது. டீச்சர் சமையலறை நாள்காட்டியின் கடைசித் தாளில் "2027 மார்ச், தொட்டி" என்று எழுதி, அதைக் கிழித்துப் பூசையறையில் சொருகி வைத்திருக்கிறார்.

இதில் எனக்கு இன்னும் முடியாத ஒரு வேலை இருக்கிறது. 2009இல் ஜெலுத்தோங்கில் நானே ஒரு வீட்டுக்கு மரத்தளம் போட்டேன். ஆறு கால், அதில் இரண்டு தொட்டி மூடியின் மேல். பட்டர்வொர்த் தொட்டியின் மூடியைப் பார்த்த அன்று இரவே அது நினைவுக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் எப்போதோ விற்றுவிட்டுப் போய்விட்டார். புதிதாக வந்தவர் வாசலில் இரண்டு முறை மணி அடித்தேன், விற்க வந்தவன் என்று நினைத்திருப்பார், கேட் வரைகூட வரவில்லை. தளத்தின் படமும் கால் நிற்கும் இடமும் வரைந்து, மேலே ஆட்கள் கூட வேண்டாம் என்று மலாயிலும் தமிழிலும் எழுதித் தபால் பெட்டியில் போட்டிருக்கிறேன். பின்சந்துப் பக்கமாகப் போனால் மதிலுக்கு மேலே தளத்தின் கைப்பிடி தெரிகிறது. போன மாதம் அதில் துணி காய்ந்துகொண்டிருந்தது.